தேயிலைக்குப் போட்ட பிழை

எல்கடுவ ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. காதுக்கு மட்டும் நல்ல இடம் கிடைத்தது. முன் சீட்டில் பள்ளி யூனிஃபார்மில் ஒரு மகள், பக்கத்தில் தேயிலை பெக்டரியில் வேலை செய்யும் அவள் அம்மா. மகள் திடீரென்று சொன்னாள்:

“இரும்பு துருப்பிடிக்கிற மாதிரிதாம்மா நம்ம தேயிலையும்.”

“வாயைக் கழுவுடி! எங்க பெக்டரித் தூள்ல துருவா?”

“துரு இல்லம்மா. ரெண்டுலயும் காத்துல இருக்கிற ஒட்சிசன் சேருது. அதுக்குப் பேரு ஒட்சியேற்றம். சோதனையில உதாரணம் கேட்டாங்க, தேயிலைன்னு எழுதினேன். சார் பிழை போட்டுட்டாரு. புத்தகத்துல இரும்பாணிதான் இருக்காம்.”

அம்மாவின் குரல் ஏறியது.

“அரைச்ச கொழுந்தக் காத்துல விரிச்சு வச்சாத்தான் செவக்கும். பதினாலு வருஷமா விரிக்கிறேன், அது பிழையா?”

“ரெண்டு மார்க் போச்சு. அதுலதான் பெயில்.”

பஸ் இரண்டு வளைவு திரும்பியதும் அம்மா கேட்டாள்:

“உங்க சார் இண்டர்வலுக்கு என்ன குடிப்பாரு?”

“பால் ஊத்தாத பிளேன்டீ.”

“நாளைக்கு அரைக்காத, காத்துல விரிக்காத பச்சைக் கொழுந்து தர்றேன். அதக் கொதிக்க வச்சு ஊத்திக் குடு. சாயம் எங்கேன்னு கேப்பாரு. அப்ப உன் பேப்பரைக் காட்டு.”