செத்த எறும்பைத்தான் தூக்கும்

கை தட்டாதீங்க. நிறுத்துங்க... இன்னைக்கு உங்க கைதட்டு வாங்க நான் வரல. ஷிப்ட் நேரத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம். அதுக்கு முன்னாடி ஒரு கதை இருக்கு. சின்னதுதான். கேட்டு முடிச்சப்புறம் தட்டத் தோணினா தட்டிக்கோங்க.

இங்கருந்து ரெண்டு பஸ் மாறிப் போனா இன்னொரு ஸ்பின்னிங் மில்லு. அங்கயும் நம்மளை மாதிரி லைன் வீடுதான். ரெண்டு வீட்டுக்கு ஒரு சுவரு, லைனுக்கே ஒரு குழாய். அங்க பூரணம்னு ஒரு பொம்பளை, ரீலிங்ல நூல் சுத்துற வேலை. புருஷன் இல்ல, பிள்ளை இல்ல. லைன்ல யாருக்குப் பிரசவம்னாலும் ஆஸ்பத்திரியில கூடப் போய்ப் படுக்கிறது அவதான். அவளுக்கு இருமல் வந்துச்சு. சளி எடுத்துப் பார்த்தா... டி.பி.

நர்ஸம்மா லைனுக்கே வந்து எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டுப் போனாங்க. மாத்திரையை விடாம முழுங்கினா கொஞ்ச நாள்லயே பரவுறது அடங்கிரும், ஆறு மாசத்துல ஆளு தேறிரும்னு. எல்லாரும் தலையைத் தலையை ஆட்டினாங்க. ஆட்டிட்டு என்ன பண்ணாங்க? குழாயடியில அவ குடத்தைத் தனியா நகட்டி வச்சாங்க. அப்புறம் குடமே வரக்கூடாதுன்னாங்க. அதுவும் பத்தாதுன்னு, அவளை லைனை விட்டே அனுப்பணும்னு லைன் சங்கத்துல கூட்டம் போட்டாங்க.

சங்கச் செயலாளர் பரஞ்சோதி. நல்ல மனுஷன்... எனக்கு அதுதாங்க ஆத்திரமே. கெட்டவன் பண்ணியிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன். அவர் எந்திரிச்சு நிதானமாப் பேசுறாரு. “எறும்பைப் பாருங்கய்யா. சீக்கு வந்ததைத் தூக்கிப் புத்துக்கு வெளிய கொண்டுபோய்ப் போடுது. என் கண்ணால பார்த்திருக்கேன். புத்து நல்லா இருக்கணும்ல?”

ஆமா ஆமான்னாங்க அத்தனை பேரும். பூரணம் வாசல்ல தள்ளி நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. அவ பேறுகாலம் பார்த்த பிள்ளைகளோட அம்மாமாரு எல்லாம் உள்ள உட்காந்திருந்தாங்க. ஒருத்தி வாயைத் திறக்கணுமே... திறக்கல. மறுநாள் பூரணம் ஒரு பையைத் தூக்கிக்கிட்டு அண்ணன் ஊருக்குப் போயிட்டா. அது காட்டுக்குள்ள கிடக்கிற ஊரு. அண்ணன் பொண்டாட்டியும் பயந்தவ, மாட்டுக்கொட்டத்துல பாய் போட்டுக் குடுத்தா. மாத்திரைக்குப் பஸ் ஏறணும். கூடப் போக யாரு இருக்கா? மாத்திரை நின்னுபோச்சு.

இப்ப கேளுங்க. பரஞ்சோதி மக கோமதி காலேஜ்ல விலங்கியல் படிக்குது. சில மாசம் கழிச்சு அங்க கண்காட்சி நடக்குது, அப்பாவை வரச்சொல்லிருக்கு. இவரும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் பெருமையாப் போறாரு. மக மேசையில கண்ணாடிப் பெட்டி, உள்ள எறும்பு. ஒரு எறும்பு மேல பூஞ்சைத் தூளைத் தடவி அந்தப் பிள்ளை உள்ள விடுது. எறும்புக்கு அது ஆளைக் கொல்ற சீக்கு.

இவரு சிரிச்சுக்கிட்டே, இப்பப் பாரு, எல்லாம் சேந்து அதைத் தூக்கி எறிஞ்சிரும்னாரு.

எறியலைங்க... சுத்தி வந்துச்சுக. உடம்புல ஒட்டியிருந்த தூளை நக்கி நக்கி எடுக்குதுக. இவரு, அதுகளுக்குத் தொத்தாதான்னு கேக்குறாரு. தொத்தும்ப்பா, ஆனா ஆளுக்குக் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்துலயே அதுக உடம்பு எதிர்த்து நிக்கப் பழகிக்கும்னு மக சொல்லுது. தனிப் பெட்டியில போட்டா என்ன ஆகும்னு கேட்டாரு. தனியா விட்டதுலதான் நிறையச் சாவுதுன்னு சொல்லுச்சு.

மனுஷன் விடுவாரா? “தூக்கி வெளிய போடுறதை நான் பார்த்திருக்கேன் பிள்ளை. பொய்யா சொல்றேன்?”

“அது செத்த எறும்புப்பா.”

அவ்வளவுதான் அந்தப் பிள்ளை சொன்னது. அது எதையும் மனசுல வச்சுச் சொல்லல, பாடத்தைச் சொல்லுச்சு. அவரு அங்கருந்து நேரா பஸ் ஏறிப் பூரணத்தோட அண்ணன் ஊருக்குப் போனாரு. மாட்டுக்கொட்டம் கூட்டிச் சுத்தமாக் கிடந்துச்சு. போன வாரமே எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னாரு அண்ணன். லைன்ல இருந்து யாராவது வந்தாங்களான்னு தினம் கேப்பாளாம்.

ஏங்க... இந்தக் கதையை இன்னைக்கு இங்க ஏன் சொல்றேன்? இந்த மேடைக்கு வர்ற வழியில உங்க குழாயடியைப் பார்த்தேன். குடமெல்லாம் வரிசையா இருக்கு. ஒரே ஒரு பச்சைக் குடம் மட்டும் சுவரோரமாத் தனியாக் கிடக்கு. யாரு குடம்னு கேட்டேன். ஒரு சின்னப் பிள்ளை சொல்லுச்சு, மாடத்தி அத்தை குடம், அத்தைக்கு டி.பி.ன்னு. மூணாவது லைன், கடைசி வீடு. ஏன் தலையைக் குனியிறீங்க? என்னைப் பாருங்க!

போன வருஷம் மில்லு கேட்டுல உட்காந்து போராடுனப்ப உங்களுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சி ஊத்துனவ அவதானே? அன்னைக்கு அவ கை பட்ட கஞ்சி இனிச்சுது. இன்னைக்கு அவ குடம் பட்ட குழாய் கசக்குதோ? மொதலாளி நம்மளைப் பிரிக்கிறான்னு தொண்டை கிழியக் கத்துறோமே, இதை எந்த மொதலாளி வந்து பிரிச்சான்? நாமதானே பிரிச்சோம்?

உங்களை யாரும் நக்கச் சொல்லல. மாத்திரை போட்டாளான்னு வாசல்ல நின்னு கேளுங்க. ஆஸ்பத்திரிக்கு ஒருத்தி கூடப் போங்க. ஒரு வாய் கஞ்சி கொண்டுபோங்க. நர்ஸம்மா சொன்னதைக் கேளுங்க, அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். இதுக்கு ஒரு சங்கம் வேணுமா, கொடி வேணுமா?

மைக்கை வச்சிட்டு நான் இறங்குறேன். அந்தப் பச்சைக் குடத்துல தண்ணி பிடிச்சு, மாடத்தி வீட்டுக் கதவைத் தட்டப் போறேன். அவ இன்னும் சாகலைங்க. உசிரோட இருக்கா... யாரு என்கூட வர்றீங்க?