ஹேசலம்மா கேட்ட இடுப்புப் பை

நுஸைபா: இந்தா, இடுப்புக்கிட்ட பாரு... விரலை வச்சுப் பெருசாக்கு. தெரியுதா?

பாண்டீஸ்வரி: இரு... என் கண்ணாடி எங்க... ஏய் நுஸைபா, இது நம்ம பைடி.

நுஸைபா: நம்ம பையேதான். வில்லாபுரத்துல தச்சது இங்கிலாந்துல ஒரு பிள்ள இடுப்புல கெடக்கு. போட்டோ வந்ததும் ஆட்டோவுலயே அழுதுட்டேன். டிரைவர் அண்ணே வண்டிய ஓரங்கட்டி, வீட்டுல எதுவும் பிரச்சனையாம்மான்னு கேக்குறாரு.

பாண்டீஸ்வரி: நீ என்ன சொன்ன?

நுஸைபா: சந்தோசம் அண்ணேன்னு சொன்னேன். அவரு நம்பல.

பாண்டீஸ்வரி: இந்தப் பிள்ள யாரு? தலையில துணித் தொப்பி, அம்புட்டுப் பெரிய பாவாடை...

நுஸைபா: நமக்கு ஆர்டர் குடுத்த ஹேசலம்மாவோட மியூசியத்துல வேலை பாக்குது. அங்க ஒரு தெருவையே இருநூத்தம்பது வருசத்துக்கு முந்தி இருந்த மாதிரி கட்டி வச்சிருக்காங்கல்ல. டிக்கெட் குடுக்குறவங்க, ரொட்டி சுடுறவங்க எல்லாருக்கும் அந்தக் காலத்து உடுப்புதான்.

பாண்டீஸ்வரி: பைய வெளிய கட்டியிருக்கு? பாவாடைக்கு உள்ள கட்டுறதுன்னுல்ல சொன்ன?

நுஸைபா: அந்தக் காலத்துல உள்ளதான். பாவாடை ஓரத்துல ஒரு தெறப்பு இருக்கும், அது வழியா கைய விட்டுச் சாவிய, கத்திரிய எடுப்பாங்களாம். உன் பையப் பாத்துட்டு, இத எதுக்கு மறைக்கணும்னு மேல கட்டி விட்டாங்களாம். எழுதியிருக்காங்க.

பாண்டீஸ்வரி: அப்படியா எழுதியிருக்கு... ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்.

விருமாண்டி: சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்ல.

நுஸைபா: என்னண்ணே, பூ மார்க்கெட்டுல இருந்து இப்பத்தான் வாரீங்களா?

விருமாண்டி: ஆமாம்மா. ஆவணி முகூர்த்தம், நாலு ஜோடி மாலை கட்டிக் குடுத்துட்டு இப்பத்தான் வந்து உக்காந்தேன்.

நுஸைபா: பொண்டாட்டி தச்ச பை கடல் தாண்டிப் போயிருக்கு. ஒரு எட்டு வந்து பாக்க மாட்டீங்களா?

விருமாண்டி: கை கழுவிட்டு வாரேன்... ம். நல்லாத்தான் இருக்கு.

நுஸைபா: அம்புட்டுத்தானா?

விருமாண்டி: நாடா கொஞ்சம் முறுக்கிக்கிட்டு நிக்குது. அந்தப் பிள்ளைகிட்ட நேராக் கட்டச் சொல்லு.

பாண்டீஸ்வரி: அவரு அப்படித்தான். நீ லெட்டர முழுசா படி.

நுஸைபா: வரிசையா சொல்றேன். ஒரு மாசம் இந்தப் பைய கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறாங்க. பக்கத்துல ஒரு அட்டை. தைத்தவர் பாண்டீஸ்வரி, மதுரை, இந்தியான்னு இங்கிலீஷ்ல எழுதி.

பாண்டீஸ்வரி: என் பேரையா... கண்ணாடிப் பெட்டியில.

நுஸைபா: உன் பேருதான். கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி போடுறவ பேர எவ எழுதி வச்சிருக்கா சொல்லு. ஜாக்கெட் பேசும், போட்ட பொண்ணு பேசும், தச்சவ எங்கயோ கெடப்பா. கம்பளி நூலு, நமக்குப் பழக்கமில்ல, வேணாம்டின்னு அன்னைக்கு நீ அழுத அழுகை எனக்குத்தான தெரியும்.

பாண்டீஸ்வரி: பின்ன? ஆரின்னா கொக்கி ஊசி, சரிகை நூலு. இது என்னடான்னா ஆட்டு மயிரு மாதிரி மொத்தையா இருக்கு, சாதா ஊசியில கோத்துப் போடணும்ன. மொதக் கொடி போட்டப்ப பாம்பு எரை முழுங்குன மாதிரி அங்கங்க வீங்கிக்கிட்டு வந்துச்சு. மூணு தடவ பிரிச்சேன். அப்புறம் காம்புத் தையல் கைக்கு வந்துருச்சு பாரு... அடேயப்பா, அதுக்கப்புறம் சோறு தண்ணி மறந்துபோச்சு எனக்கு.

நுஸைபா: அதான் கண்ணாடிப் பெட்டிக்குப் போகுது. அப்புறம்... இங்கதான் பாண்டி ஒரு விசயம்.

பாண்டீஸ்வரி: என்ன?

நுஸைபா: அவங்க எழுதியிருக்கத அப்படியே சொல்றேன். பையில கைய விடுற தெறப்புக்கு மேல இருக்க பூவெல்லாம் ஒரு கை. கீழ இருக்க மூணு பூவும் கொடியும் வேற கைன்னு எழுதியிருக்காங்க.

பாண்டீஸ்வரி: வேற கைன்னா... கீழ போடும்போது கை அசந்திருக்கும். அதக் கண்டுபிடிச்சு எழுதியிருப்பாங்க.

நுஸைபா: அசந்த கையில தையல் இறுக்கமா வருமா? கீழ் தையல் ரொம்ப இறுக்கமா, ஒரே அளவா இருக்காம்.

விருமாண்டி: சரி, நான் செத்த நேரம் படுக்குறேன்.

பாண்டீஸ்வரி: நீங்க இருங்க.

நுஸைபா: பாண்டி, நான் ஆர்டர் எடுக்கும்போது என்ன சத்தியம் பண்ணிக் குடுத்தேன்? ஆரம்பிச்ச கையே முடிக்கும், நடுவுல ஆளு மாத்த மாட்டோம்னு எழுதிக் குடுத்தேன். அந்தம்மா கேட்ட ஒரே கண்டிசன் அதுதான். இப்ப என்கிட்ட உண்மையச் சொல்லு. ஞாயித்துக்கிழம பைய முடிச்சேன், செவ்வாக்கிழம ஸ்கூட்டியில விழுந்தேன்னு போன்ல சொன்னேல்ல?

பாண்டீஸ்வரி: சொன்னேன்.

நுஸைபா: நெசமா?

பாண்டீஸ்வரி: செவ்வாக்கிழம விழுந்தது நெசம்.

நுஸைபா: யா அல்லா.

பாண்டீஸ்வரி: நீ ராமநாதபுரத்துல நாத்தனா பிரசவத்துல இருந்த. உன்ன எதுக்குக் கலங்கடிக்கணும்னு... தெப்பக்குளம் திருப்பத்துல ஒரு நாய் குறுக்க பாஞ்சுச்சு, கைய ஊனி விழுந்தேன். மணிக்கட்டுல விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டுன்னு டாக்டர் சொல்றாரு, எனக்கு வலியே தெரியல. மேல் பாதிதான் முடிஞ்சிருக்கு, பார்சல் அனுப்ப இருபது நாளுதான் இருக்கு, அது மட்டும்தான் மண்டையில ஓடுது. வீட்டுக்கு வந்து பைய மடியில வச்சுக்கிட்டு எடது கையால போட்டுப் பாத்தேன். ஒரு இலை. அது இலையா இல்ல, பல்லி மாதிரி இருந்துச்சு. பிரிக்கக்கூட ஒத்தக் கையால முடியல.

நுஸைபா: அப்ப யாரு போட்டது? முத்துமீனாகிட்ட குடுத்தியா? அவ கை இம்புட்டு இறுக்கம் இல்லையே.

பாண்டீஸ்வரி: அவகிட்ட குடுக்கல.

நுஸைபா: அவனியாபுரம் தமிழ்வாணி?

பாண்டீஸ்வரி: இல்ல.

நுஸைபா: பின்ன எவடி அவ, எனக்குத் தெரியாம வில்லாபுரத்துல?

விருமாண்டி: ...சொல்லித் தொலை.

பாண்டீஸ்வரி: நீங்கதான சொல்லவே கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்குனீங்க.

நுஸைபா: இரு... இரு இரு. அண்ணேயா?

விருமாண்டி: சத்தம் போடாதம்மா, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

நுஸைபா: அண்ணே, நெசமாவா? இந்த மீசைய வச்சுக்கிட்டா?

விருமாண்டி: மீசைக்கும் ஊசிக்கும் என்னம்மா இருக்கு.

பாண்டீஸ்வரி: நான் அழுறதப் பாத்துட்டு, அதக் குடுடி இங்கன்னு வாங்குனாரு. உங்களுக்கு என்ன தெரியும்னு கத்துனேன். முப்பது வருசமா நார்ல பூவக் கோக்குறேன், நூலுல கோக்கத் தெரியாதாங்குறாரு. பழைய வேட்டியில மொதல்ல ஒரு பூ போடச் சொன்னேன். கத்திரிக்கா மாதிரி வந்துச்சு. ரெண்டாவது நாளு கொஞ்சம் பூவு. அஞ்சாவது நாளு, நான் போட்ட பூவையும் அவரு போட்டதையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன் நுஸைபா... எனக்கே கொஞ்சம் பொறாமையாப் போச்சு.

விருமாண்டி: குச்சிய வச்சுக்கிட்டு முதுகுல தட்டித் தட்டிச் சொல்லிக்குடுத்தா. அத மட்டும் சொல்ல மாட்டேங்குறா.

பாண்டீஸ்வரி: இவரு தம்பி சின்னச்சாமி ஒரு நாளு திடுதிப்புன்னு வந்து நிக்குறாரு. பைய ஒளிக்க எடமில்ல, இவரு அப்படியே அது மேல உக்காந்துட்டாரு. ஊசி குத்திருச்சு. அரை மணி நேரம் பல்லக் கடிச்சுக்கிட்டு நெலத்து விவகாரம் பேசுறாரு. என்னண்ணே கண்ணு கலங்குதுன்னு தம்பி கேக்க, நம்ம அப்பா ஞாபகம் வந்துருச்சுடான்னு...

நுஸைபா: ஐயோ, போதும்... வயிறு வலிக்குது.

விருமாண்டி: சிரிங்க. மார்க்கெட்டுல தெரிஞ்சிருந்தா டைலரம்மான்னு பேரு வச்சிருப்பானுக. மாப்ள, எனக்கொரு ஜாக்கெட் தச்சுக் குடுன்னு தெனமும் எவனாவது கேப்பான். அதான் சத்தியம் வாங்குனேன்.

பாண்டீஸ்வரி: நான் உன்கிட்ட சொல்லாததுக்குக் காரணம் அதுமட்டும் இல்ல. கண்டிசன மீறிட்டமேன்னு பயம். இப்ப என்ன சொல்றாங்க? அட்டையில இருந்து பேர எடுத்துருவாங்களா?

நுஸைபா: மிச்சத்தப் படிக்கவே பயமா இருந்துச்சு எனக்கு. ஆட்டோவுல இதுக்கு மேல படிக்கல. சேர்ந்தே பாப்பமேன்னுதான் ஓடி வந்தேன்.

பாண்டீஸ்வரி: படி.

நுஸைபா: இரு... ரெண்டு கையின்னு தெரிஞ்சதும் மொதல்ல வருத்தமா இருந்துச்சாம். அப்புறம் அவங்க மியூசியத்துல இருக்க பழைய பைகளை எல்லாம் வெளிய எடுத்துப் பாத்தாங்களாம். அதுல... ஏய், கேளு. அதுலயும் பாதிக்குப் பாதி ரெண்டு கைதானாம். ஒருத்தி ஆரம்பிச்சிருப்பா, நோயோ பிள்ளைப்பேறோ ஏதோ ஒண்ணு வந்திருக்கும், வீட்டுல இன்னொருத்தர் முடிச்சிருப்பாங்க. இத்தனை வருசம் நாங்க கவனிக்காமப் போயிட்டோம், உங்க பைதான் காட்டிக் குடுத்துச்சுன்னு எழுதியிருக்காங்க.

பாண்டீஸ்வரி: நெசமா அப்படியா இருக்கு?

நுஸைபா: இன்னொரு ஆளோட பேர எழுதி அனுப்பணுமாம். அட்டையில ரெண்டு பேரு வரணும்னு சொல்றாங்க. அப்புறம், கீழ்ப் பூவுக்கு நடுவுல ஒரு முடிச்சு இருக்காம். அந்த மாதிரி முடிச்ச எந்தப் புஸ்தகத்துலயும் பாக்கலையாம். எப்படிப் போடுறதுன்னு வீடியோ கேக்குறாங்க. அது என்ன முடிச்சு அண்ணே?

விருமாண்டி: மாலையில மரிக்கொழுந்த நிறுத்திப் பிடிக்குறதுக்குப் போடுற கட்டு. அவ சொல்லிக்குடுத்த முடிச்சு எனக்கு நழுவிக்கிட்டே போச்சு, அதான் தெரிஞ்சதப் போட்டேன்.

பாண்டீஸ்வரி: அதப் பிரிக்கச் சொல்லி நான் அன்னைக்கு எம்புட்டுச் சண்ட போட்டேன் தெரியுமா.

நுஸைபா: நல்லவேள பிரிக்கல. பேரு எழுதட்டுமா அண்ணே? மார்க்கெட்டுக்குத் தெரிஞ்சா...

விருமாண்டி: கண்ணாடிப் பெட்டியில வைக்கிறாங்கல்ல?

நுஸைபா: ஆமா.

விருமாண்டி: எழுது. இனிசியலோட எழுது.

பாண்டீஸ்வரி: பாருடி, இனிசியல் வேணுமாம்.

நுஸைபா: இன்னும் கொஞ்சம் இருக்கு. இந்தப் பை அந்தக் காலத்துல ஜோடியாத்தான் இருக்குமாம். வலது பக்கம் ஒண்ணு, எடது பக்கம் ஒண்ணு. அதே ரெண்டு பேரும் சேந்து எடது பக்கத்துக்கும் ஒண்ணு தச்சுக் குடுக்க முடியுமா, அக்டோபர் கடைசிக்குள்ள வேணும்னு கேட்டிருக்காங்க.

பாண்டீஸ்வரி: அக்டோபரா... நுஸைபா, கட்டுப் பிரிச்சு ஒரு மாசம்தான் ஆகுது. கால் மணி நேரம் ஊசி பிடிச்சாலே மணிக்கட்டு வீங்குது. இவருக்கு ஆவணி, ஐப்பசின்னு முகூர்த்தம் வரிசையா நிக்குது. எப்படிடி?

நுஸைபா: எனக்கும் தெரியுது. மனசே வரல... முடியலன்னு மருவாதியா எழுதிருவமா?

விருமாண்டி: எழுதாத.

பாண்டீஸ்வரி: எழுதாம? நீங்க மாலை கட்டுவீங்களா, பை தைப்பீங்களா? துணி எங்க இருக்கு, நூலு எங்க இருக்கு?

விருமாண்டி: அந்தம்மா தப்பாப் போனா இன்னொண்ணு போடட்டும்னு ரெண்டு பைக்குத்தான துணியும் நூலும் அனுப்புச்சு. மிச்சத்தப் பரண்ல போட்டுட்டேன்னு உன்கிட்ட சொன்னேன். பரண்ல இல்ல.

பாண்டீஸ்வரி: பின்ன?

விருமாண்டி: கடை மச்சுல இருக்கு. மாலைக்கு ஜோடி மாதிரி அந்தப் பைக்கும் ஒரு ஜோடி இருக்கட்டுமேன்னு, உன் பூப் படத்தையே திருப்பி வச்சுத் துணியில வரைஞ்சுக்கிட்டேன். கீழ் பாதி முடிஞ்சு பத்து நாளாச்சு, மேல் பாதிய உனக்காக வெறுமனே விட்டு வச்சிருக்கேன், தெனமும் கால் மணி நேரம் போட்டாப் போதும். ஆடி மாசம் பூரா கல்யாண மாலை கட்டப் போறேன், மாலை கட்டப் போறேன்னு போனேனே... ஆடியில எவன் கல்யாணம் வச்சான்னு நீ ஒரு நாளாவது கேட்டியாடி?