வேலி தாண்டி விழுந்த வெள்ளைப் பொடி

என் பெயர், கணவர் பெயர், கதவு எண் ஆகியவற்றை எழுத்தர் இந்தத் தாளின் தலைப்பில் குறித்துக்கொண்டார். வயது நாற்பத்தேழு. கால்வாய் சாலையின் கடைசி வீடு எங்களுடையது. அங்கு வந்து வான்கோழிக்காரி வீடு என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே கொஞ்சம் யோசிப்பார்.

இந்த மாதம் 11ஆம் தேதி இதே மேசைக்கு முன் உட்கார்ந்து, என் நாற்பத்தொரு வான்கோழிகளுக்கு என் மூத்த ஓரகத்தி விஷம் வைத்துக் கொன்றுவிட்டார் என்று புகார் கொடுத்தேன். மூத்த ஓரகத்தி என்பவர் என் கணவரின் அண்ணன் மனைவி, அடுத்த வீடு. அன்று பிற்பகலே அவரை அழைத்து வந்து காவலில் வைத்தீர்கள். இன்று பிற்பகல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தீர்கள். அதற்குள் அந்தப் புகாரைத் திருத்தவே இன்று 12ஆம் தேதி மதியம் நானாக வந்திருக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. மிரட்டுகிறவர்கள் யாரும் எங்கள் சாலையில் இல்லை.

நான் இருபத்தொரு வருடமாக இறைச்சிக்குக் கோழியும் வான்கோழியும் வளர்த்து, அறுத்து, சுத்தம் செய்து கொடுக்கிறேன். என் கணவர் தீனி வாங்குவதையும் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதையும் பார்த்துக்கொள்கிறார். கத்தி என்னுடையது. முந்தின நாளே தீனியை நிறுத்திவிடுவேன், தண்ணீர் மட்டும்தான். மறுநாள் காலை பறவையைத் தகரப் புனலில் தலைகீழாக இறக்கி, ஒரே கீறலில் முடிப்பேன். அதன் பிறகு வெந்நீர், அதன் பிறகு இறகு, அதன் பிறகு குடல். பித்தப்பை உடையாமல் ஈரலை எடுப்பதில்தான் இந்த வேலையின் பெருமையே இருக்கிறது. நான் பித்தப்பை உடைத்தது முதல் வருடத்தில் இரண்டு முறை. அதன் பிறகு இல்லை. இதுவரை எத்தனை ஆயிரம் ஈரல் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் கெட்ட ஈரல் எதுவும் என் கண்ணுக்குத் தப்பிக் கடைக்குப் போனதில்லை.

தானாகச் செத்த பறவையின் மேல் நான் கத்தி வைப்பதில்லை. குழி தோண்டி, மண்ணில் நோய் பரவாமல் சுண்ணாம்பு போட்டு மூடிவிடுவேன். நல்ல வழக்கம்தான். இந்தத் தடவை அதுவே என் கண்ணைக் கட்டிவிட்டது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கம்பி வேலி போட்ட ஒரு துண்டு நிலம் உள்ளது. முன்பு அதில் ஓரகத்தி பதினோரு வருடம் கோழி வளர்த்தார். இரண்டு வருடத்துக்கு முன் பாகம் பிரித்தபோது அது எங்கள் பங்குக்கு வந்தது. அன்று அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போது நான், "கோழி கிளறுன மண்ணுதானே, என்னமோ தங்கச் சுரங்கம் கைவிட்டுப் போன மாதிரி" என்று சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. அவருடைய கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் ஊரில் இருக்க மாட்டார். எனவே இடையில் சமாதானம் பேசவும் ஆளில்லை.

கோழியையும் வான்கோழியையும் ஒரே இடத்தில் விடக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. இரண்டுக்கும் தனிக் கொட்டகை, தனித் தட்டு. கொட்டகை மாறும்போது செருப்பும் மாற்றுவேன். ஆனால் மேற்படி நிலம் இரண்டு வருடம் சும்மா கிடந்தது, வெயில் அடித்தது, புல் முளைத்தது. இனி அது சுத்தமான மண் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். வான்கோழிகள் அறுபது ஆனதால் பழைய இடம் போதவில்லை. போன மாதம் 20ஆம் தேதி அவற்றை அங்கே மாற்றினேன். அந்த வாரம் மழை பெய்தது. மண்புழு வெளியே வந்தது, வான்கோழிகள் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து தின்றன. நானும் பார்த்து மகிழ்ந்தேன்.

இந்த மாதம் 3ஆம் தேதி காலை ஆறு மணி அளவில் நான் தண்ணீர்த் தட்டு கழுவும்போது, ஓரகத்தி வேலி ஓரமாகக் குனிந்து, கையில் ஒரு டப்பாவுடன், வேலியைத் தாண்டி எங்கள் பக்கம் வெள்ளையாக எதையோ தூவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். நான் வேலிக்குப் போய்ச் சேருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. 4ஆம் தேதி மூன்று வான்கோழிகள் செத்தன. 5ஆம் தேதி ஐந்து. அதன் பிறகு தினமும். தலை கருத்து, சிறகு தொங்கி, எச்சம் மஞ்சளாகப் போய், நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டன. 11ஆம் தேதி காலைக்குள் நாற்பத்தொன்று போய்விட்டன. என் கணவர் மட்டும், "கொஞ்சம் யோசிச்சுக் குடு" என்றார். "நீங்க தீனி மூட்டையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு இங்கு வந்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பதை எனக்காகவே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அன்று இதே அறையில் ஓரகத்தி துணை ஆய்வாளரிடம், "அது சுண்ணாம்பு சார்" என்று மட்டும் சொன்னார். உடனே நான், "சுண்ணாம்பு போடறவங்க அவங்க எடத்துல போடாம எங்க பக்கம் ஏன் போடணும், அதைக் கேளுங்க சார்" என்றேன். அதன் பிறகு துணை ஆய்வாளர் எத்தனை கேட்டும் ஓரகத்தி பதில் சொல்லவில்லை. அவர் வாயை அடைத்துவிட்டதாக நான் பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

இன்று காலை ஓரகத்தி வீட்டுக் கோழிகள் தீனி இல்லாமல் கத்தின. சண்டை எங்களுக்குத்தானே, கோழிக்கு என்ன. அதனால் செருப்பை மாற்றிக்கொண்டு, நான் அவர் கொட்டகைக்குள் இரண்டு வருடத்துக்குப் பிறகு போனேன். தீனி வைத்தேன், தண்ணீர் மாற்றினேன். கதவு மூலையில் அந்த டப்பா இருந்தது. திறந்து பார்த்தேன். சுண்ணாம்புதான். பக்கத்தில் சுண்ணாம்பு மூட்டை ஒன்று பாதிக்குமேல் காலியாக இருந்தது. அவருடைய சின்னக் கொட்டகைக்கு அவ்வளவு தேவைப்படாது. அப்போதும் நான் சமாதானம் ஆகவில்லை. சுண்ணாம்பு டப்பா யார் வீட்டில்தான் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

என்னிடம் ஒரு பெரிய சேவல் வான்கோழி இருந்தது. நாள் முழுக்கச் சிறகை விரித்துக்கொண்டு உலாவும், ஒரு வேலையும் செய்யாது, தீனி வந்தால் முதல் ஆளாக நிற்கும். ஆகவே அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தோம். நான் திரும்பி வந்தபோது மாப்பிள்ளை சுவரோரம் சிறகைத் தொங்கப் போட்டு நின்றது. தலை கருத்திருந்தது. நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. எனக்கு அழுகை வந்தது. சாகும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை, எனவே புனலில் இறக்கி முடித்துவிட்டேன். உயிரோடு இருந்ததை அறுத்தேன் என்பதால் கத்தி என் கையிலேயே இருந்தது. விஷம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுவோம் என வயிற்றைக் கீறினேன்.

ஈரல் முழுக்க வட்ட வட்டமாக மஞ்சள் தழும்புகள், பிசைந்த மாவில் விரலால் அழுத்தியது போல நடுவில் குழி. குடலின் கடைசிப் பைகள் இரண்டும் தடித்துக் கட்டையாக இருந்தன. எந்த விஷமும் ஒரே இரவில் ஈரலில் இப்படிக் குழி பறிக்காது. இது பல நாளாக உள்ளே இருந்து தின்றது. அது எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. கை கழுவாமலே கால்நடை மருத்துவருக்கு போன் செய்தேன்.

மருத்துவர் பத்தரை மணிக்கு வந்து ஈரலைப் பார்த்தார். என்னைப் பார்த்து, "இந்த மண்ணுல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். கோழி என்றேன். எத்தனை வருஷம் என்றார். பதினொன்று என்றேன். அதன் பிறகு அவர் சொன்னது: இது கருந்தலை நோய். இதன் கிருமி கோழியின் குடற்புழு முட்டைக்குள் மண்ணில் கிடக்கும், வருடக்கணக்கில் சாகாது, மண்புழு அதைத் தின்னும், மண்புழுவை வான்கோழி தின்னும். கோழிக்கு ஒன்றும் செய்யாது, வான்கோழியை வாரிக்கொண்டு போய்விடும். நிச்சயமான மருந்து கிடையாது, மிச்சம் உள்ளதை உடனே இடம் மாற்ற வேண்டும். அவர் கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டை இத்துடன் இணைத்துள்ளேன்.

ஆகவே என் வான்கோழிகளை யாரும் கொல்லவில்லை. நான்தான் கொண்டுபோய் அந்த மண்ணில் விட்டேன். நான் 11ஆம் தேதி பொய் சொல்லவில்லை, தப்பாகச் சொன்னேன். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மேற்படி ஈரலை ஐஸ் போட்டு எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்து இந்த மேசையில் வைத்தேன். எழுத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தார். துணை ஆய்வாளர் ஓரகத்தியை அழைத்து வரச் சொன்னார். அவர் வந்து டப்பாவுக்குள் பார்த்தார். என்னிடம், "மிச்சம் எத்தனை?" என்று கேட்டார். அதுதான் இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பதினெட்டு என்றேன். "எங்க லாரி ஷெட்டு சிமெண்டுத் தரை. சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு. இருட்டறதுக்குள்ள மாத்து" என்றார்.

அதன் பிறகு நான் அவரிடம், "எங்க பக்கம் ஏன்க்கா சுண்ணாம்பு தூவுனீங்க?" என்று கேட்டேன். அன்று அவர் வாயை அடைத்த அதே கேள்விதான்.

"நீ அங்க வான்கோழி விட்டதைப் பாத்த நாள்லேர்ந்து தெனம் தூவுனேன். வேலிக்கு மேல கை எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு தூரம்" என்றார். "சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். "நான் சொன்னா நீ கேட்டிருப்பியா? என் கோழி கிளறுன மண்ணுதானே அது" என்றார்.

உண்மைதான். கேட்டிருக்க மாட்டேன்.

முதல் வாக்குமூலத்தில் விஷம் என்று நான் சொன்ன இடங்களை எல்லாம் அடித்துவிடும்படி கேட்டேன். அடிக்க முடியாது, இதையும் அதோடு சேர்த்துத் தைத்துத்தான் வைப்போம் என்று எழுத்தர் சொன்னார். அப்படியே தைக்கட்டும். இனி எனக்கு இதில் புகார் எதுவும் இல்லை. ஓரகத்தியை இன்றே வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். அவரை நானே என் வண்டியில் கூட்டிப் போகிறேன்.

மேலே உள்ளதை நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டினார். ஒரு சொல்லும் கூடவோ குறையவோ இல்லை, அத்தனையும் உண்மை. ஈரலைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்ட பிறகு டப்பாவைக் கொதிநீரில் கழுவவும். அதை என்னிடம் தர வேண்டாம். பாகம் பிரிப்பதற்கு முன் அக்கா எனக்குப் பலகாரம் போட்டுக் கொடுத்த டப்பா அது. அவரிடமே கொடுக்கவும்.

(ஒப்பம்)
வாக்குமூலம் கொடுத்தவர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது
(ஒப்பம்)
துணை ஆய்வாளர்