மூன்றாம் லைனை நான் காப்பாற்றிய விதம்

மிஷேல் மேடம், பயிற்சியின்போது ஹோட்டலில் கொடுத்த கறிபாப் அருமை. நான் நான்கு சாப்பிட்டேன். இரண்டு வருடம் கழித்து, 'பயிற்சி உங்களை எப்படி மாற்றியது? மனம் திறந்து எழுதவும்' என்று ஃபாரம் அனுப்பியிருக்கிறீர்கள். நீங்கள் விட்டிருந்த அரைப் பக்கம் எனக்குப் போதவில்லை. தனித்தாள் சேர்த்துக்கொண்டேன். எழுத உட்காரும்போதே ஒரே குதூகலமாக இருக்கிறது.

நான் பிரவீனா, தெப்ராவ் தொழிற்சாலையில் மூன்றாம் லைன் சூப்பர்வைசர். முன்பெல்லாம் யார் எதைக் கேட்டாலும் பதில் என் வாயிலிருந்து தானாகக் குதித்துவிடும். நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள்: கேள்வி வந்ததும் மனதுக்குள் ஏழுவரை எண்ணு, கேட்டவரே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். இன்னொன்றும் சொன்னீர்கள். நல்ல ஆளைக் கைநழுவ விடுகிறவர் தலைவரே அல்ல.

எங்கள் லைனின் நல்ல ஆள் தேன்மொழி. சர்க்யூட் பலகையில் முடியளவு விரிசல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவள் விடுப்பெடுத்தால் அன்றைக்கு டார்கெட் எட்டாது. அவளுக்கு லாபிஸ் பக்கம் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பெயர் ரூபேந்திரன், சிங்கப்பூரில் வேலை. கல்யாணம் முடிந்ததும் அவளும் அங்கே போய்விடுவதாகப் பேச்சு.

"அக்கா, சிரிச்சா கன்னத்துல குழி விழுது பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினாள்.

"பெருசு பண்ணிப் பாருலா. அம்மைத் தழும்பா இருக்கப் போவுது" என்றேன். லைனே சிரித்தது. அவள்தான் அதிகம் சிரித்தாள்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பரிசத்துக்கு முன்னால் பெண் வேலை செய்கிற இடத்தில் விசாரிப்பார்கள். தேன்மொழியே என் எண்ணைக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அழைத்தார்.

"நான் செல்வராணி, லாபிஸ்லருந்து பேசுறேம்மா. தேன்மொழி உங்க கீழதான வேல செய்யுது? பொண்ணு எப்படிம்மா? மனசுல பட்டத சொல்லுங்க."

தங்கமான பெண் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. எண்ணத் தொடங்கினேன். ஐந்துக்கே அவர் குரல் மாறிவிட்டது.

"ஏம்மா, ஏதும் இருக்கா?"

ஏழு முடிந்ததும் சொன்னேன். "நான் என்னத்த சொல்றது ஆன்ட்டி. நீங்களே நல்லா விசாரிச்சுக்கோங்க."

"புரிஞ்சிருச்சும்மா. நீங்க நல்லா இருக்கணும்."

பாருங்கள், நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கைப்பேசியை வைத்தபோது உடம்பு லேசாகிப் பறப்பதுபோல் இருந்தது. பாடம் இவ்வளவு அழகாகப் பலித்தால் யாருக்குத்தான் தலைகால் புரியும்?

பரிசப் புடவை வாங்கியாகிவிட்ட பிறகு சம்பந்தம் நின்றது. லாக்கர் அறையில் தேன்மொழி என் தோளில் விழுந்து அழுதாள். அறிவுரை சொல்லாமல், பேசுகிறவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள் என்ற உங்கள் பாடத்தையும் அங்கேயே செய்து பார்த்தேன்.

"நான் என்னக்கா தப்பு செஞ்சேன்?"

"என்ன தப்பு செஞ்சோம்னு தெரியாம தவிக்கிற."

"ஆமாக்கா. உங்களுக்கு மட்டும்தான் என்னைப் புரியுது."

மூன்றாம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள். அந்த மாதம் எங்கள் லைனிலிருந்து ஒரு பலகைகூடத் திரும்பி வரவில்லை. கேக் வெட்டினோம். முதல் துண்டை அவளுக்குத்தான் ஊட்டினேன்.

அடுத்த வருடம் பாலோவிலிருந்து ஒரு வரன். பையனின் அக்கா அழைத்தார். இம்முறை நான்கு எண்ணும்போதே முடிந்துவிட்டது. அதன்பின் மனைவியை இழந்த ஒருவர், சுகுமாறன் என்று பெயர், தாமே அழைத்தார். கெட்டிக்காரர். "ஒன்னும் பேச மாட்றீங்க, நல்லதுதான்னு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். லேசாகப் பெருமூச்சு விட வேண்டியதாயிற்று. அது உங்கள் பாடத்தில் இல்லை, நானாகச் சேர்த்துக்கொண்டது.

ஆக, மூன்று கல்யாணத்தையும் நிறுத்தியது நான்தான். மனம் திறந்து எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

போன அக்டோபரில் தேன்மொழியின் அம்மா அங்கம்மா காலமானார். மகள் கழுத்தில் தாலியைப் பார்க்கவில்லையே என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் லைன் முழுவதையும் வேனில் ஏற்றிப் போனேன். துக்க வீட்டில் எல்லோரும் சேர்ந்து காப்பி கலக்கினார்கள், நாற்காலி போட்டார்கள். எங்கள் ஒற்றுமைக்கு அந்த நாள் மிகவும் உதவியது.

இப்போது சந்தோஷமான செய்தி. எனக்கு மேனேஜர் பதவி கிடைத்துவிட்டது. மூன்றாம் லைனைத் தேன்மொழியிடம் ஒப்படைக்கிறேன். சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குன்னு யாரு இருக்கா, உங்கள விட்டா?" என்றாள். அவளுக்கு முப்பத்தைந்து ஆகிறது. கல்யாணப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டாளாம்.

அடுத்த மாதப் பயிற்சிக்கு அவள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், மேடம். புருஷன், பிள்ளை என்று பிடுங்கல் எதுவும் இல்லாதவள். இப்படி ஒரு கொடுப்பினை எல்லோருக்கும் வாய்க்காது.