நகம் தேய்க்கிற அரமும் தடிக் கம்பியும்

செண்பகனூர் டவுன் பஸ்ஸில், முன் சீட்டுத் தம்பதிக்கு நடுவே ஒரு கிட்டார் உட்கார்ந்திருந்தது. ஒட்டுக்கேட்பதில் மட்டும் எனக்குச் சுருதி தவறாது.

"என் நகம் தேய்க்கிற அரத்த வச்சா கிட்டாரத் தேச்சீங்க?" என்றாள் மனைவி.

"தாழ்ந்த சுருதி பாரிடோன் கிட்டாரு, வெல கம்மியானதுல்ல? நான் மாத்துன தடிக் கம்பி கழுத்து நுனிப் பள்ளத்துல உக்காரல. தேச்சு அகலமாக்கிட்டேன்."

"பழைய கிட்டாருக்கு என்ன கேடு?"

"எனக்கு விரல் வச்சுப் புடிக்கத் தெரிஞ்சது நாலு கார்டு. பழசுல வாசிச்சா சுருதி ஏறி உனக்குத் தொண்ட எட்டல. இதுல அதே கார்டப் புடிச்சாலே சுருதி எறங்கிரும்."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சர்ச் கொயர்ல மூணு வருசமா பின்வரிசையில வாய மட்டும் அசைக்கிறேன். நாளைக்கு ஆராதனையில?"

"முன்னாடி நின்னு பாடுறது நீதான். கொயர் மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"அந்த நாலு கார்டையும் தப்பில்லாமப் புடிங்க. பாட்ட நான் பாத்துக்கிறேன்."