பதினேழு நிமிடம்

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி, சார். நான்கு வருடம் காட்டுக்குள் குந்தியே உட்கார்ந்த முழங்கால் இது, இனிமேல் நேராகாது.

கடைசியாக நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு குளவிக் கூட்டை. ஒவ்வொரு குளவியின் முதுகிலும் சாயப் பொட்டு வைத்து, எது வெளியே போகிறது, எது இரை கொண்டுவருகிறது என்று எழுதுவேன். ராணிக்கு வயதாகிவிட்டது. அது செத்தால் எது அதன் இடத்தைப் பிடிக்கும் என்பதுதான் என் கேள்வி. ஓரிரு நாளில் தெரிந்துவிடும்.

அப்போதுதான் என் மனைவியின் தம்பி வந்தான். தங்கமான மனுஷன். ஆராய்ச்சிக் குடிலை மூடச் சொல்லி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. என்னைக் கையோடு கூட்டிப்போக வந்திருந்தான். சின்ன வயதில் ஒரே ஒரு குளவி கொட்டி, சாகக் கிடந்து பிழைத்தவன். எதையும் எங்காவது வைத்துவிட்டுத் தேடுகிறவன் என்பதால், அவனுக்கான மருந்து ஊசியை என்னிடம் கொடுத்துவைக்கச் சொல்லியிருந்தாள் அவன் அக்கா. வந்ததும் கொடுத்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“போதும் மாமா. அக்கா ஒருத்தியா எவ்வளவு நாள்தான் குடும்பத்த இழுத்துக்கிட்டு கிடப்பா?”

“ரெண்டே நாள் பொறுடா.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க.”

சாமான்களைக் கட்ட ஆரம்பித்தான். கூட்டருகே நட்டிருந்த கேமராவைக் கழற்ற வேண்டும். அந்தப் பக்கம் போகலாமா என்று என்னிடம்தான் கேட்டான்.

“தாராளமா போ. இந்த நேரத்துல அதுங்க ஒண்ணும் பண்ணாது.”

வெயில் ஏறினால் அவை என்ன பண்ணும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

ஆறு இடத்தில் கொட்டின. அவனைப் பாதைவரை நான்தான் இழுத்துவந்தேன்.

“ஊசி, மாமா.”

“எங்க வெச்சேன்னு தெரியலையேடா.”

அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. உதடு வீங்கிவிட்டது. என் சட்டைப் பையைக் கைகாட்டினான். நான் மணி பார்த்துக் குறித்துக்கொண்டேன், பழக்கதோஷம். கோபமெல்லாம் இல்லை, சார். அலுப்பு. மூட்டை கட்டி, வீடு போய், ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமே என்ற அலுப்பு.

பதினேழு நிமிடம் ஆயிற்று.

மூன்று மணிக்கு ராணி செத்தது. எது அதன் இடத்துக்கு வந்தது என்று பார்த்த பிறகுதான் ஊருக்குத் தகவல் சொன்னேன்.

அவன் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “கடைசி நேரத்துல தனியாவா கிடந்தான்?”

இல்லை என்றேன். நான் பக்கத்திலேயே இருந்தேன், கண்ணைக்கூட எடுக்கவில்லை என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அவளுக்கு அது பெரிய ஆறுதல். தயவுசெய்து நீங்கள் போய் அதைக் கெடுத்துவிடாதீர்கள்.