மூச்சை அழித்தவள் பேசுகிறேன்

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மூன்று நாட்களில் முப்பத்தொரு படங்களைப் பார்த்துக் கண் சிவந்திருக்கும் சக நடுவர்களே, பெரியோர்களே, பிள்ளை எடுத்த படம் புரியாவிட்டாலும் பெருமை பொங்கக் கைதட்டிய தாய்மார்களே, பரிசு யாருக்கு என்று என் முகத்தையே படித்துக்கொண்டிருக்கும் மாணவ மணிகளே, முதல் வரிசையில் துணி போர்த்திய மூன்றாவது நாற்காலியே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். நாற்காலிக்கு வணக்கம் சொல்கிறாளே, வெயில் தலைக்கேறிவிட்டதா என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்பது இங்கே கேட்கிறது. தம்பி, எனக்குக் காதுதான் பிழைப்பு. இருபது ஆண்டுகளாகத் திரைப்படங்களுக்கு ஒலி சேர்ப்பவள் நான். சேர்ப்பது என்று பெயர்தான். பாதி நேரம் அழிப்பதுதான் வேலை. விசிறி இரைந்தால் அழிப்பேன். வண்டி உறுமினால் அழிப்பேன். நடிகர் மூச்சு வாங்கினால் அந்த மூச்சையும் அழிப்பேன்.

இந்த அரங்கத்தின் மைக்கையும் விளக்கையும் பதினெட்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர் என் அண்ணன். ஆசிரியப் பெருமக்கள் தலையசைக்கிறீர்கள், நன்றி. விழா தொடங்குமுன் மேடையேறி மைக்கில் இரண்டு முறை ஊதுவார். பிறகு தொண்டைக்குள் சின்னதாய் ஒரு ‘ம்’. அது ஆனால்தான் விழா. ஊதினால் மைக் கெட்டுவிடும் என்று தலைபாடாக அடித்துக்கொள்வேன். அவர் அசைந்துகொடுத்தால்தானே!

ஆண்டுதோறும் இந்தப் படவிழாவுக்கு அழைப்பார். ஆண்டுதோறும் எனக்கு வேலை இருக்கும். சென்ற ஆண்டு போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினார். "தங்கச்சி, இந்த வருஷமாவது வந்துடு. முன்வரிசையில மூணாவது சீட்டு. துணி போட்டுப் பிடிச்சு வெச்சிருக்கேன்." வந்தேனா? வரவில்லை. விழா முடிந்த பன்னிரண்டாம் நாள் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோய்விட்டது.

அதன்பின் நான் செய்ததை எந்தத் தங்கையும் செய்திருக்க மாட்டாள். அண்ணன் குரலென்று என்னிடம் மிஞ்சியது அந்த ஒரு பதிவுதான். அதைக் கணினியில் போட்டுக் கேட்டேன். பேசுமுன் போனிலும் இரண்டு முறை ஊதியிருக்கிறார், பாவம். கை சும்மா இருந்ததா? பழக்கதோஷம். விசிறியை அழித்தேன். ஊதலை அழித்தேன். ‘ம்’மை அழித்தேன். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இருந்த மூச்சையெல்லாம் அழித்து, மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டு, பிறகு கேட்டேன். தெளிவான குரல். துல்லியமான குரல். மூச்சே விடாத குரல்! உயிரோடு பேசிய மனிதரை இறந்தவர் பேசுவதுபோல் ஆக்கிவிட்டேனே என்று அன்றைக்கு அழுதவள், இன்னும் முழுதாக அழுது முடிக்கவில்லை.

முந்தாநாள் காலை இந்த விழாவுக்கு நடுவராக வந்தேன். மூன்றாவது நாற்காலியில் துணி கிடந்தது. யார் போட்டது என்று கேட்டேன். முதல்வருக்குத் தெரியாது. மாணவர்களுக்குத் தெரியாது. யாரோ பெரிய மனிதருக்கு என்று எண்ணி எல்லோரும் விட்டுவிட்டார்கள். நான் நான்காவதில் உட்கார்ந்தேன்.

அன்று பிற்பகல் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தியின் படம் ஓடியது. தன் நாடகத்தைப் பார்க்க வராத தந்தைக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. எடுத்தது இதே அரங்கத்தில். கடைசி நாற்பது விநாடி வெற்று நாற்காலிகளும் மௌனமும் மட்டுமே. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படப்பிடிப்பு முடிந்ததும் மூச்சுக் காட்டாமல் நின்று, அந்த அறையின் மௌனத்தைத் தனியாகப் பதிவு செய்வோம். அறைக்கு அறை மௌனம் வேறு. அப்படிப் பதிந்த மௌனத்தைத்தான் அவளும் வைத்திருந்தாள். இருபதாவது விநாடியில் இரண்டு ஊதல் கேட்டது. பிறகு, தொண்டைக்குள் ஒரு ‘ம்’.

பக்கத்து நடுவர் ஒலிப்பிழை என்று குறித்துக்கொண்டார். மாணவியைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய், உடன் இருந்தது யார் என்று கேட்டேன். போன மாதம் எடுத்ததாம். கதவைப் பூட்டிக்கொண்டு தனியாகத்தான் இருந்தாளாம். அரங்கத்து மைக்கின் இணைப்பைக்கூடக் கழற்றிவிட்டு, தன் பதிவுக் கருவியை மட்டும் வைத்திருந்தாளாம். என் அண்ணன் போய் அதற்குள் பத்து மாதம் ஆகியிருந்தது. அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நாலு தடவை எடுத்தேன் மேடம். நாலுலயும் இருக்கு. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கிட்ட வருது." பிறகு கேட்டாள்: "அழிச்சிடட்டுமா? இல்லேன்னா பரிசு போயிடும்னு சொல்றாங்க."

அன்பர்களே, அது அண்ணனா? அடைபட்ட காற்றா? கம்பியில் ஏறிய இரைச்சலா? ஒலியை இழை இழையாகப் பிரிக்கத் தெரிந்த எனக்கு இதைப் பிரிக்கத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் ஒருமுறை அழித்தவள் மறுமுறை அழிப்பேனா? அழிக்காதே அம்மா என்றேன். அவள் பரிசைத் தடுக்க அந்த மூச்சுதான் காரணமென்றால், நடுவர் பட்டியலில் அழிக்க வேண்டியது என் பெயரை! மாணவ மணிகளே, பிழை என்று எதையும் துடைக்குமுன் ஒருமுறை காது கொடுங்கள். இது யாருடைய மூச்சு என்று கேளுங்கள். துடைத்தபின் கேட்டால் பதில் வராது. எனக்கு வரவில்லை.

இப்போது அந்தப் படம் மீண்டும் திரையிடப்படுகிறது. அதற்குமுன் நாற்பது விநாடி மௌனம் வேண்டுகிறேன். அந்த மாணவி பதிவுக் கருவியோடு ஓரத்தில் நிற்கிறாள். தாய்மார்கள் குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மைக்கை விட்டு நான்கடி தள்ளிப் போகிறேன். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

…

நன்றி. கைதட்ட வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டவர்கள் அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள். ஊதியது யார் என்று நான் யாரையும் கேட்கப்போவதில்லை. மைக் சரியாக இருக்கிறது. இனி விழா தொடங்கலாம். பொறுமையாகக் கேட்ட அவைக்குத் தலைவணங்கி, கீழே இறங்கி, அந்தத் துணியை எடுத்துவிட்டு, எனக்குப் போட்ட இடத்தில் உட்காரப்போகிறேன்.

அண்ணா, வந்துட்டேன். வணக்கம்.